மரக்கால் ஒன்று

அவருக்கு ஒரே கால் இரண்டு முறை போனது. முதல் முறை மரத்திலிருந்து விழுந்ததில் போனது. இரண்டாம் முறை, மரச் சாமான்களைக் காப்பாற்ற வந்தவர்களிடம் போனது. மரம் கையெழுத்துக் கேட்கவில்லை, விழா எடுக்கவில்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

காட்டை ஒட்டிய அந்த ஊரில் அவர் பிசின் எடுக்கிறவர். உயரமான மரங்களில் ஏறி, பட்டையில் வெட்டுப் போட்டு, வடிந்து இறுகியதைச் சுரண்டிக் கூடையில் இறக்குவது தொழில். படகின் விரிசலை அடைக்கவும், அடுப்பு மூட்டவும் ஊரே அவரிடம்தான் பிசின் வாங்கும். ஒரு மழைக்காலத்தில் பிடி வழுக்கியது. ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க ஊர் வரிசையாக வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனது. அவர் மனைவி மட்டும் உச்சுக் கொட்டவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

ஏழிலைப்பாலை மரத்துண்டு ஒன்றைத் தூக்கி வந்தாள். கனமில்லாத மரம், கத்திக்கு இணங்கும். ஒரு முனையைக் குடைந்து, உள்ளே அடித்து மெத்தென்றாக்கிய மரப்பட்டையை வைத்துத் தைத்து, காலோடு கட்ட ஒரு வாரும் போட்டாள். தினமும் சாயங்காலம் மாட்டிப் பார்ப்பது, அவர் "இங்க உரசுது" என்பது, அவள் கழற்றிச் செதுக்குவது. எந்தச் செருப்புக் கடைக்காரனும் யாருக்கும் அவ்வளவு பொறுமையாக அளவு பார்த்திருக்க மாட்டான். பாலை சீக்கிரம் தேயும் என்று அடியில் கருங்காலித் துண்டு ஒன்றை ஆப்பு வைத்து இறுக்கினாள். அந்தக் கருங்காலிதான் சத்தம் போடும். கல் பாவிய பாதையில் டொக். வீட்டின் பலகைத் தரையில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, டொக்.

அதன்பின் அவர் மரம் ஏறவில்லை. கைக்கெட்டும் உயரத்திலேயே வெட்டுப் போட்டுப் பிசின் எடுத்தார். ஊர் அவரை மரக்காலர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மனைவி செய்து போட்ட நகையைப் பேரோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

சில வருஷங்களில் அவளுக்குக் கண் மங்கி, ஒரேயடியாக இருட்டிப் போனது. அப்போதிலிருந்து அவளுக்கு அந்தச் சத்தம்தான் புருஷன். பாதை திரும்பும்போதே கேட்டுவிடுவாள். அவர் களைத்திருக்கிறாரா, யாரிடமாவது முறைத்துக்கொண்டு வருகிறாரா, எல்லாம் அதிலேயே தெரியும். "இன்னைக்குக் கூடை பாதிதான் போலிருக்கே" என்பாள், அவர் வாயைத் திறப்பதற்கு முன். அவர் ஒருநாளும் அவளிடம் "நான்தான்" என்று சொல்ல வேண்டி வந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மையம் வந்தது.

அதன் முழுப் பெயர் 'வனமக்கள் அன்றாட வாழ்வில் மரப் பயன்பாட்டு ஆவண மையம்'. பெயர்ப்பலகை சாலையிலிருந்து தெரிய வேண்டும் என்று முன்னால் நின்ற மரங்களை வெட்டினார்கள். கட்டடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று பின்னால் நின்றவற்றையும் வெட்டினார்கள். உள்ளே சிமெண்டுத் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, இரும்பு மேசை, கண்ணாடிப் பெட்டிகள். ஆராய்கிறவர்கள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, மருந்துக்குக்கூட மரம் இல்லை.

களப் பதிவாளர் என்று ஓர் இளைஞர் வீடு வீடாக வந்தார். நல்ல பையன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். உலக்கை, அகப்பை, துடுப்பு, ஏணி, பட்டைக் கயிறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். வெறுங்கையோடு யாரையும் விடவில்லை. அகப்பைக்குப் பிளாஸ்டிக் அகப்பை, ஏணிக்கு அலுமினிய ஏணி, கயிற்றுக்கு நைலான் கயிறு. எல்லாம் கொண்டுபோன பிறகு கணக்கெடுப்புக்கு வந்தார்.

"உங்க வீட்ல இப்ப மரச் சாமான் என்னென்ன புழங்கறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. நீதானே எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனே?"

களப் பதிவாளர் வீட்டுக்கு வீடு 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டார். கணக்கெடுப்பின் முடிவு மையத்தின் இயக்குநரை உலுக்கிவிட்டது. கூட்டம் போட்டுக் கண் கலங்கப் பேசினார். "நான் அப்பவே சொன்னேன். மரத்தோட இவங்களுக்கு இருந்த உறவு கண்ணு முன்னாடியே அழிஞ்சிட்டிருக்கு. நாம வந்த பிறகுதான் இது வெளியே தெரிஞ்சிருக்கு. நாம வராம இருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க!" யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்னொரு கட்டடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

புதுக் கட்டடத்துக்கு இன்னின்ன வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதில் ஓர் இடத்தில் 'மரக்கால், ஒன்று' என்றிருந்தது. தானியம் அளக்கிற மரக்காலைத்தான் கேட்டிருந்தார்கள். களப் பதிவாளர் நகரத்தில் பிறந்தவர். தானியத்தைப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்தவர். அவர் நேராக டீக்கடைக்குப் போய், "இந்த ஊர்ல மரக்கால் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள்.

போய்ப் பார்த்தார். மரம் இருந்தது, கால் இருந்தது. சந்தேகப்பட இடமே இல்லை.

"ஐயா, தலைமையகத்துல உங்க மரக்காலைக் கேட்டிருக்காங்க."

"என் காலையா? என்னை அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"சுற்றறிக்கையிலயே வந்திருக்குங்க. படம் எடுத்து, அளவு எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவோம்."

அவருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே கட்டிலில் இருந்த மனைவிக்கோ வாயெல்லாம் சிரிப்பு. "குடுத்துட்டு வாங்களேன். படம்தானே?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் செஞ்சதுன்னு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"எழுதிடலாம்மா" என்றார் களப் பதிவாளர்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலுக்குப் பதிலாக ஓர் அலுமினியக் கவைக்கோல் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. அடியில் கெட்டி ரப்பர். அன்று சாயங்காலம் அதை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது மனைவி தலையைத் தூக்கி, "யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு அன்னியமாக இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவரும் ரொம்பத்தான் பொறுத்துப் பார்த்தார். கவைக்கோல் காட்டின் ஈர மண்ணில் முக்கால்வாசி புதைந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுப் போடவும் முடியவில்லை. பிசின் கூடை காலியாகவே திரும்பியது. கடைசியில் கிளம்பி மையத்துக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள், வார்னிஷ் பூசி, தலைக்கு மேல் விளக்குப் போட்டு, அவர் கால் நின்றது. கீழே அட்டை.

'மரக்கால். வனமக்கள் தானியம் அளக்கப் பயன்படுத்தியது. செய்தவர்: தெரியவில்லை.'

பக்கத்தில் இயக்குநர் விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "மேல குடைஞ்சிருக்காங்க பாருங்க, தானியம் போடறதுக்கு. உள்ளே பட்டையை வெச்சுத் தைச்சிருக்காங்க, தானியத்துக்கு அடிபடக் கூடாதுன்னு! கீழ ஏன் ஒல்லியா இருக்கு? மண்ணுல குத்தி நிறுத்திட்டு ரெண்டு கையாலயும் அள்ளிப் போடலாம். வாரும் இருக்கு, தோள்ல மாட்டிக்க. நாங்க அரிசி போட்டே அளந்து பார்த்துட்டோம். எவ்வளவு நுணுக்கம்! பெட்டிதான் முதல்ல உயரம் பத்தல. தலைமையகம் அனுப்பின அளவு அவ்வளவுதான். நம்ம ஆளுங்க எப்படியோ பொருத்திட்டாங்க."

"ஐயா, அது என் காலுங்க" என்றார் மரக்காலர்.

இயக்குநர் திரும்பிப் பார்த்து, விருந்தினர்களிடம் கனிவாகச் சொன்னார். "இதுதான் நான் சொன்ன உணர்வுப் பிணைப்பு. பொருளை உடம்பாவே நினைக்கிறாங்க. துடுப்புக் குடுத்தவரு 'அது என் கை'ன்னு அழுதாரு."

"இல்லீங்க, நெஜமாவே என் காலு. பாருங்க, எனக்குக் கால் இல்ல."

விருந்தினர்கள் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

மரக்காலர் தன் காலைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேறு எப்படி நிற்பார்? இயக்குநர் அறையில் உட்காரச் சொல்லிப் பொறுமையாகப் பேசினார். "பெரியவரே, அட்டையில என்ன போட்டிருக்கு? 'பயன்படுத்தியது'. இறந்தகாலம். நீங்க அதை எடுத்து மறுபடி பயன்படுத்தினா அட்டை பொய்யாயிடும். நாங்க அட்டையை மாத்தணும்னா ஆராய்ச்சியை மாத்தணும். உங்க வசதிக்காக ஆராய்ச்சியை மாத்த முடியுமா, சொல்லுங்க?"

அவர் கவைக்கோலை எடுத்து ஊன்றி எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நான் செஞ்சேன்னு போட்டிருக்காங்களா?" என்பதுதான்.

"போட்டிருக்கு. பெரிய எழுத்துல போட்டிருக்கு. விளக்கெல்லாம் வெச்சிருக்காங்க" என்றார்.

அவள் சந்தோஷமாகப் படுத்துக்கொண்டாள். அவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார். சத்தம் வந்தால் அவள் கேட்டுவிடுவாள்.

குழப்பம் எங்கே என்று கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டிலிருந்த கொழுந்தியாள். அட்டையில் எழுதியிருந்ததை மரக்காலர் சொல்லக் கேட்டவள், விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய மரக்காலை இழுத்தாள். உண்மையான மரக்கால், தானியம் அளக்கிறது. வெகு காலமாக வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, "வாங்க மாமா. இதைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வந்துடலாம்" என்று கிளம்பினாள்.

இயக்குநர் அறை வாசலில் இருவரும் நெடுநேரம் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் கொழுந்தியாள் படபடவென்று பொரிந்தாள். "சார், இதுதான் மரக்கால். நீங்க வெச்சிருக்கறது மரக்கால் இல்ல, இவரோட மரக்காலு. இதை வெச்சுக்கங்க, அதைக் குடுத்துடுங்க."

இயக்குநர் இரண்டு முறை கேட்டார். "இது மரக்கால், அது மரக்கால் இல்ல, மரக்கால். அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அம்மா, கேட்டது ஒண்ணு. ஒண்ணு வந்தாச்சு, பதிஞ்சாச்சு. ரெண்டாவதை மரக்கால்னு பதிய எனக்கு அதிகாரம் இல்ல. மனுவா எழுதிக் குடுங்க, பார்க்கறோம்."

கொழுந்தியாள் அங்கேயே மனு எழுதினாள். மேலே பொருள் என்ற இடத்தில் 'கால் தொடர்பாக' என்று போட்டாள். மையம் அதை உடனே கவனித்தது, அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மனுவோடு வந்த பொருளை மனுவில் கண்டபடியே பதிந்து, அடுத்த பெட்டியில் வைத்தார்கள். வெங்காயச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த அந்த மரக்காலுக்குக் கீழே இப்படி அட்டை எழுதினார்கள்: 'செயற்கைக் கால். உருளை வடிவம். வனமக்கள் அணிந்தது.'

வெங்காயத்துக்குப் பதிலாக இருக்கட்டும் என்று கொழுந்தியாளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டபோது மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஊருக்கு வந்த மருத்துவர் சொன்னார். கொழுந்தியாளைத் தனியாகக் கூப்பிட்டு இன்னும் ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து மரக்காலர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மனைவிக்குத் தூக்கம் விட்டுப் போயிற்று. கண்ணும் இல்லாமல் சத்தமும் இல்லாமல், அவர் அறையில் இருக்கிறாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. "இருக்கீங்களா?" என்று கேட்டபடி இருந்தாள். "இருக்கேன்" என்று அவர் சொன்னபடி இருந்தார். தண்ணீர் கொண்டுவர எழுந்து போய் வருவதற்குள் அவள் பயந்துவிடுவாள்.

"எப்ப வரீங்க, எப்பப் போறீங்கன்னே தெரியலங்க. பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க" என்றாள் ஒருநாள். "அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டா தூங்கிடுவேன்."

அவர் முற்றத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, கொஞ்சம் தள்ளி நின்று பலகைத் தரையில் தட்டினார். டொக். டொக்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. "கல்லால தட்டறீங்க. எனக்குக் கண்ணுதானேங்க போச்சு?"

அன்றே மையத்துக்குப் போனார். இயக்குநரிடம் எதையும் விளக்கவில்லை. ஒரே ஒரு நாள் கொடுங்கள், பொண்டாட்டி சாகக் கிடக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் காலைப் பிடித்தார். தன் காலை வாங்க இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் பிடித்தார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "எழுந்திருங்க, எழுந்திருங்க. நாளைக்கு அமைச்சர் வந்து புதுக் கட்டடத்தைத் திறக்கறாரு. உங்களை மேடைக்கு ஏத்தறோம். எல்லார் முன்னாடியும் உங்க கையிலயே அந்தப் பொருளைக் குடுக்கறோம். போதுமா?"

கையிலேயே கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நாளைக்கு வந்துடும்" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் மேடையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அமைச்சர் நன்றாகப் பேசினார். "இந்த மக்கள் கிட்ட நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அரசாங்கத்தையே நம்பி இருக்காதீங்க. சொந்தக் கால்ல நில்லுங்க! உங்க சொந்தக் கால் என்னைக்கும் உங்ககிட்டயே இருக்கு. அதை யாராலயும் எடுத்துட்டுப் போக முடியாது!" பலத்த கைதட்டல். கவைக்கோலில் சாய்ந்திருந்த மரக்காலரும் மரியாதைக்குத் தட்டப் பார்த்து, விழப் போனார்.

"இப்போது நம் வனத்தின் மூத்த குடிமகன், மரக்காலில் அரிசி அளந்து காட்டுவார்" என்று இயக்குநர் மைக்கில் அறிவித்தார். களப் பதிவாளர் பட்டுத்துணியில் வைத்துக் காலைக் கொண்டுவந்தார். பின்னாலேயே ஒரு தட்டில் அரிசி வந்தது.

மரக்காலர் காலை வாங்கினார். வார்னிஷ் வாடை அடித்தது. கம்பளத்தில் உட்கார்ந்தார். உள்ளே கிடந்த நாலைந்து அரிசியைத் தட்டிக் கொட்டினார். முழங்காலை அதில் நுழைத்து, வாரை இழுத்துக் கட்டினார். கவைக்கோலை அரிசித் தட்டுக்குப் பக்கத்தில் பதவிசாக வைத்துவிட்டு எழுந்தார். அமைச்சருக்கு ஒரு கும்பிடு போட்டார். படியில் இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து, வாசலைத் தாண்டிப் போனார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அமைச்சர் கைதட்டினார். அமைச்சர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். "வனமக்களின் நகைச்சுவை உணர்வு!" என்று இயக்குநர் மைக்கில் சமாளிப்பது சாலை வரை கேட்டது.

கல் பாவிய பாதைக்கு வந்த பிறகுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது. உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. அதைவிட, சத்தம் வரவில்லை. பொத், பொத் என்றது. நின்று, குனிந்து பார்த்தார். அடியில் கருங்காலி இல்லை. வழவழவென்று அறுத்து, அறுத்த இடத்திலும் வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

பின்னாலேயே ஓடிவந்த களப் பதிவாளர் மூச்சு வாங்க நின்றார். "ஐயா, அமைச்சர் போற வரைக்குமாவது குடுங்கய்யா. என் வேலை போயிடும்."

"இங்க ஒரு துண்டு இருந்துச்சே, தம்பி."

"அதுங்களா? பெட்டிக்குள்ள நிக்கலைன்னு அறுத்துட்டாங்க." சொல்லத் தயங்கினார். "ஆபீஸ் கதவு காத்துக்கு அடிச்சுக்குதுன்னு அதுக்கு முட்டுக் குடுத்திருக்காங்க."

ஆக, அந்த மையத்தில் அன்றாடப் பயன்பாட்டில் இருந்த ஒரே மரச் சாமான் அதுதான்.

திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று மரக்காலர் யோசித்தார். நேரம் இருக்காது என்று மனசு சொன்னது. நடந்தார். பாதை சேறாகும் இடத்தில் களப் பதிவாளர் தன் பளபளப்பான பூட்ஸைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். இவர் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டே இருந்தார். பலகைத் தரையில் ஒருவேளை பழைய சத்தம் வரலாம் என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுப் படி ஏறினார். உள்ளே கொழுந்தியாள் கட்டில் ஓரம் உட்கார்ந்து அக்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவியின் மூச்சு வாசல் வரை கேட்டது. அவர் பலகைத் தரையில் காலை வைத்தார். முடிந்தவரை அழுத்தி வைத்தார்.

பொத்.

அவள் கழுத்து மெல்லத் திரும்பியது. இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தார். பொத். பொத்.

"யாரோ வந்திருக்காங்கடி" என்றாள் தங்கையிடம்.

"அக்கா, மாமாதான்க்கா. காலை வாங்கிட்டு வந்துட்டாரு."

"போடி. அவர் நடை எனக்குத் தெரியாதா?"

'நான்தான்' என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பி, வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைக்கக் கூடாது என்கிற மரியாதையோடு சொன்னாள்.

"உக்காருங்க. அவர் வெளிய போயிருக்காரு. வர்ற சத்தம் கேட்டதும் நானே சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார்.